அந்த ஒரு குறிப்பு

காலையில் ஒரு மளிகை நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். தலைவரின் கடிதத்தைத் தாண்டிப் போய், சப்ளையர்கள் தரும் தள்ளுபடித் தொகை (நிறைய சரக்கு வாங்கினால் கடைக்கு அவர்கள் திருப்பித் தரும் பணம்) பற்றிய குறிப்பில் நின்றுவிட்டேன்.

2014 செப்டம்பரில் பிரிட்டனின் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான டெஸ்கோவை உலுக்கியது இதுதான்.

அந்தத் தொகையை முன்கூட்டியே வருமானமாக எழுதி, எதிர்பார்க்கும் அரையாண்டு லாபத்தைச் சுமார் 25 கோடி பவுண்ட் கூட்டிக் காட்டியிருந்தார்கள்.

டேவ் லூயிஸ் தலைமைப் பொறுப்பேற்று மூன்று வாரம்தான். உள்ளிருந்து தகவல் வந்ததும் மூடி மறைக்காமல் சந்தைக்குச் சொன்னார். பங்கு ஒரே நாளில் 11 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் தலைமை அலுவலக ஆட்களைக் கடைகளில் வேலை செய்ய அனுப்பினார்.

மளிகையில் லாபம் மெலிது. இலக்கு தவறினால் முதலில் சப்ளையரைத்தான் பிழிவார்கள். அதனால் ஒரு சி.இ.ஓ.வை எடைபோட, சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்று பார்க்கிறேன்.