நாயின் பாதத்தில் வெட்டுக்காயம்: கட்டுப் போட்ட பிறகுதான் பாடு தொடங்கியது

எங்கள் செல்லியின் முன்னங்காலில் கண்ணாடி கிழித்த காயத்தை மருத்துவர் சுத்தம் செய்து தைத்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதன்பின் தவறாகப் போடப்பட்ட ஒரு கட்டினாலும், தொலைபேசியில் கிடைத்த பொறுப்பற்ற ஒரு பதிலினாலும் அவள் பட்ட வேதனைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

செல்லி கலப்பினத்தைச் சேர்ந்தவள். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இத்தகைய நாய்களைத் தத்தெடுத்து வளர்க்க வழிசெய்யும் அடோர் திட்டத்தின் மூலம் எங்களிடம் வந்தவள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், இறைச்சி வாட்டும் அடுப்புகளுக்குப் பக்கத்துப் புல்லில் யாரோ உடைத்துப் போட்டிருந்த போத்தலின் மேல் காலை வைத்துவிட்டாள். பாதத்தின் அடிமெத்தையில் இரத்த நாளங்கள் மிகுதி என்பதால், சிறிய வெட்டுக்கும் இரத்தம் பயமுறுத்தும் அளவுக்குக் கொட்டும். குடிநீரை ஊற்றிக் கழுவிப் பார்த்தபோது, நடுவிலுள்ள பெரிய மெத்தையில் ஒரு பகுதி மடல்போல் பிரிந்து தொங்கியது. மேலோட்டமாக ஒட்டியிருக்கும் துகளைக் கழுவி எடுத்துவிடலாம். ஆழமாகப் பதிந்திருப்பதைப் பிடுங்கக் கூடாது. சுத்தமான துணியை வைத்து, இடையிடையே தூக்கிப் பார்க்காமல், ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பதே அந்த நேரத்தில் செய்யக்கூடிய பெரிய உதவி.

பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் செல்லப்பிராணிகளை ஏற்றமாட்டார்கள். செயலியில் பதிவு செய்த வாடகைக் கார்களின் ஓட்டுநர்கள், நாய் என்று தெரிந்தவுடன் ஒருவர்பின் ஒருவராக ரத்து செய்தார்கள். செல்லப்பிராணிகளுக்கென்றே உள்ள வண்டிக்குக் கட்டணம் கூடுதல், காத்திருப்பும் நீளம். இரவிலும் திறந்திருக்கும் ஒரு கால்நடை மருந்தகத்தின் எண்ணும், அத்தகைய வண்டியின் எண்ணும் உங்கள் கைப்பேசியில் இன்றே இருக்கட்டும். மருந்தகத்தை அழைக்கும்போது “இன்று வரலாமா?” என்று தொடங்கினால், “இடமில்லை, நாளைக்கு வாருங்கள்” என்பார்கள். “பாத மெத்தை கிழிந்திருக்கிறது, இரத்தம் நிற்கவில்லை, காலை ஊன்றவில்லை” என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்ன பிறகே எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் முகப்பில் இருந்தவரோ, நாய் உரிம விவரமும் பழைய தடுப்பூசிப் பதிவும் இல்லாமல் பெயரைப் பதிய முடியாது என்று நிறுத்திவைத்தார். தரையில் இரத்தம் சொட்டிக்கொண்டிருக்க, வழக்கமாகச் செல்லும் மருந்தகத்தைத் தொலைபேசியில் பிடித்துப் பதிவுகளை மின்னஞ்சலில் வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆவணங்களையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே சிகிச்சை நன்றாகவே நடந்தது. உடலின் மற்ற இடங்களைப்போல் இது சீக்கிரம் ஆறாது என்று மருத்துவர் எச்சரித்தார். ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் எடை தாங்கும் மெத்தை பக்கவாட்டில் விரிவதால் தையல் இழுபடும். ஆகவே இரண்டு, மூன்று வாரம்கூடத் தையலைப் பிரிக்காமல் விட்டுவைக்க நேரும்.

பிறகு உதவியாளர் ஒருவர் கட்டுப் போட்டார். விரல் நுனிகளும் வெளியே தெரியாதபடி, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் நீலப் பட்டியை நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றினார். அன்றிரவே செல்லி கட்டைக் கடிக்கத் தொடங்கினாள். காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருந்தும், அதன் விளிம்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டு விடாமல் முனகினாள். மருந்தகத்தை அழைத்தேன். “எல்லா நாயும் அப்படித்தான் செய்யும், கூம்பைக் கழற்றாதீர்கள்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மருத்துவரிடம் கேட்டுச் சொல்லும்படி எவ்வளவோ கேட்டுக்கொண்டும் பயனில்லை. மறுநாள் கட்டுக்கு மேலே கால் வீங்கியிருந்தது, துணியிலிருந்து புளித்த வாடை வந்தது.

வேறொரு மருந்தகத்தில் கட்டைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எப்போதும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் நான்கு விரல்களும் உப்பித் தனித்தனியாக விலகி நின்றன. விரலிடுக்குத் தோல் சிவந்து, வியர்வையில் ஊறி நைந்திருந்தது. மணிக்கட்டுக்கு மேல் பட்டி அழுத்திய கோடு பள்ளமாகப் பதிந்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்களே கெட்டிருக்கும் என்றார் அந்த மருத்துவர். அவர் பொறுமையாக என் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த முறை இதுதான்: விரல்களுக்கிடையில் மெல்லிய பஞ்சு, காயத்தின்மேல் ஒட்டாத காஸ் துணி, அதன்மேல் மென்மையான பஞ்சுச் சுற்று, கடைசியில் ஒட்டும் பட்டி. பட்டியைச் சுருளிலிருந்து முதலில் தளர்த்திக்கொண்டு, பிறகு இழுக்காமல் சுற்ற வேண்டும். நடுவிரல்கள் இரண்டின் நகங்களும் கட்டாயம் வெளியே தெரிய வேண்டும். அந்த நகங்கள் விலகினாலோ, தொட்டால் மற்றக் காலைவிடக் குளிர்ந்திருந்தாலோ, கட்டு இறுக்கம் என்று பொருள். எந்த மருந்தகமாக இருந்தாலும், மேசையிலிருந்து நாயை இறக்குவதற்கு முன் அந்த இரண்டு நகங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

நம் ஊரில் அடுத்த எதிரி ஈரம். மழை நின்றாலும் நடைபாதை காய்வதில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தைக் கழுவிவிட்டுப் போயிருப்பார்கள். வெளியே இறங்கும்போது கட்டின்மேல் பிளாஸ்டிக் பை மாட்டி, வீட்டுக்குள் வந்தவுடன் கழற்றிவிட வேண்டும். நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும் என்பதால், பை உள்ளேயே இருந்தால் அதுவே கட்டை நனைத்துவிடும். நனைந்த கட்டை அடுத்த நாள்வரை விட்டுவைக்கக் கூடாது, உடனே மாற்ற வேண்டும். “மஞ்சளைக் குழைத்துத் தேங்காய் எண்ணெயோடு வைத்தால் ஆறிவிடுமே, எதற்கு இத்தனை செலவு?” என்று அம்மா ஆதங்கப்பட்டார். திறந்த காயத்தில் எண்ணெய்ப் பூச்சு அழுக்கைப் பிடித்துவைக்கும், செல்லி அதை நக்கவே பார்ப்பாள் என்று மருத்துவர் எடுத்துச் சொன்னதும், அம்மாவே கூம்புக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டார். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் ஆறிவரும் திசுவையே கெடுக்கும். தேயிலைமர எண்ணெயும் துத்தநாகக் களிம்பும் நாய் நக்கினால் நஞ்சு. நாம் சாப்பிடும் பாரசிட்டமால், ஐபுபுரோஃபன் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கழுவுவதற்கு உப்புநீர்க் கரைசல் போதும். அல்லது வெளிர்த் தேநீர் நிறத்துக்கு நீர் கலந்த போவிடோன் அயோடின்.

காப்புறுதிப் பணம் கோரியது இன்னொரு அலைச்சல். முதல் மருந்தகத்தின் ரசீதில், செல்லியின் தோலுக்கடியில் பதித்த அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தித் தரச் சொன்னால் நேரில் வர வேண்டும் என்றார்கள்; நேரில் போனால் பொறுப்பாளர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவக் குறிப்பின் நகலைப் பெறாமல் நகரமாட்டேன் என்று நாற்காலியில் அமர்ந்த பிறகே அச்சிட்டுக் கையெழுத்துடன் கொடுத்தார்கள். பணத்தின் ஒரு பகுதி கைக்கு வந்தது. பணம் கட்டும்போதே மைக்ரோசிப் எண், சிகிச்சைவாரியான கட்டண விவரம், காயம் பட்ட தேதி ஆகிய மூன்றும் ரசீதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

தையல் பிரித்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். பல நாள் கட்டுக்குள் இருந்த மெத்தை குழந்தையின் உள்ளங்கைபோல் மிருதுவாகியிருந்தது. அந்தக் காலோடு வழக்கமான தூரம் நடந்தால் மறுபடி உரிந்துவிடும். ஆகவே முதலில் புல்லில் சிறிது நேரம், பிறகு மெல்ல மெல்லச் சிமெண்டுத் தரை என்று கூட்டினோம். கடலில் நீந்திய பின்னும் மழையில் நனைந்த பின்னும் மெத்தை இப்படித்தான் இளகியிருக்கும் என்பதால், அப்போது கரடுமுரடான தரையில் ஓட விடுவதில்லை.

வெட்டுக்காயத்துக்கு இணையாக இங்கே அஞ்ச வேண்டியது சூடு. நிழலில் 32 டிகிரி இருக்கும் நண்பகலில் தார்ச்சாலை 50 டிகிரியையும் தாண்டிவிடும். சாக்கடையின் இரும்பு மூடிகளும் விளையாட்டிடத்தின் ரப்பர் தரையும் அதேபோல் கொதிக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால், நாயை அங்கே இறக்கக் கூடாது. சுட்டுவிட்டால் குளிர்ந்த குழாய்நீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் காலைப் பிடிக்க வேண்டும், பனிக்கட்டி வைக்கக் கூடாது. கொப்புளமோ நிறமாற்றமோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். சீனர்கள் தங்கள் ஏழாம் மாதத்தில் காணிக்கைத் தாள் எரித்த இடங்களில், அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலுக்குள் கனல் இருக்கலாம் என்பதால் அந்தப் பக்கம் சுற்றிப் போகிறோம்.

இப்போது நடை காலை எட்டு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே. திரும்பியதும் ஒவ்வொரு பாதத்தையும் துடைத்து, விரலிடுக்கை உலர்த்தி, மெத்தைகளுக்கிடையில் வளரும் முடியைக் கத்தரித்துவிடுகிறேன். காலணியும் வாங்கியிருக்கிறோம், ஆனால் உள்ளே வியர்வை தேங்குவதால், கடற்கரைப் பக்கம் போகும்போது மட்டும் மாட்டி, வந்ததும் கழற்றுகிறோம். அடுப்புப் பகுதியில் கிடந்த கண்ணாடியைப் படம் எடுத்து பொது இடக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் செயலியில் புகார் கொடுத்தேன். நாங்கள் அடுத்த முறை அங்கே போனபோது அந்தப் புல் சுத்தமாக இருந்தது.