இரண்டு கிரெடிட் பாடம்: ஒரு பருவத்து நாட்குறிப்பு

ஜூலை 14

இந்தப் பருவத்தில் ‘டிஜிட்டல் எழுத்தறிவு’ கட்டாயப் பாடம். இரண்டு கிரெடிட். வரலாறு படிக்க வந்தவர்களுக்கு இது எதற்கு என்ற முணுமுணுப்போடுதான் எல்லாரும் கணினி ஆய்வகத்துக்குள் நுழைந்தோம்.

மேடம் பாடத்திட்டம் எதையும் வாசிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். “டவுன்லோட் பண்ணியாச்சா? சரி, அது இப்போ எங்கே இருக்கு? ஒரு தாளில் எழுதிக் கொடுங்க.”

வகுப்பே விழித்தது. ‘ரீசென்ட்டில் இருக்கிறது’, ‘கூகுளில் இருக்கிறது’, ‘தேடினால் வரும்’ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். மேடம் எதிர்பார்த்தது முழுப் பாதையை: எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், அதற்குள் எது. போனில் கோப்பு எங்கே கிடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. செயலியைத் திறந்தால் அதுவே வந்து நிற்கும். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவர்களிடம் பாதையைக் கேட்டால் எப்படி?

2001இல் மார்க் பிரென்ஸ்கி என்பவர், கணினியோடு வளரும் பிள்ளைகளை ‘டிஜிட்டல் நேட்டிவ்ஸ்’ என்று எழுதினார். அவர்களுக்கு இதெல்லாம் தாய்மொழி மாதிரி, பெரியவர்கள் பிற்பாடு குடியேறியவர்கள் என்பது அவர் வாதம். அவர் சொன்ன பிள்ளைகள் இருபத்தைந்து பேர் இன்று ஆளுக்கொரு கணினி முன் உட்கார்ந்து ஒரு பிடிஎஃபைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 17

கோப்புக்குப் பெயர் வைப்பது. இதற்கு ஒரு முழு வகுப்பா என்று தோன்றியது. பாதி வகுப்பு போதும். ஆனால் ஒன்று உடனே பயன்பட்டது. பெயரின் தொடக்கத்தில் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் போட்டால், அகரவரிசையே காலவரிசையாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இதே வரிசைதான். ‘கட்டுரை_இறுதி_நிஜமாகவே_இறுதி’க்கு இனி வேலை இல்லை.

ஜூலை 28

தேடல். இன்றைக்குத்தான் வகுப்பு முடிந்தும் எழுந்து போக மனம் வரவில்லை.

மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்றொடர் அப்படியே தேடப்படும், கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் வரும் பக்கங்கள் விலகும், ‘சைட்’ என்று எழுதி முக்காற்புள்ளி போட்டால் ஒரே தளத்துக்குள் தேடலாம். இவற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அதன் பிறகு, “இதே வித்தைகளைத் தமிழில் செஞ்சு பாருங்க” என்றார். அங்கேதான் சிக்கலே.

‘மரம்’ என்று மேற்கோள் குறிக்குள் தேடினால் ‘மரத்தை’, ‘மரத்தின்’, ‘மரங்களில்’ எல்லாம் கைநழுவிப் போகும் வாய்ப்பு அதிகம். நம் மொழியில் வேற்றுமை உருபு ஏறியதும் சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. ஆங்கிலத்துக்கென்று எழுதிய தேடல் குறிப்புகளைத் தமிழில் அப்படியே பின்பற்றினால் பாதி உலகம் கண்ணில் படாது. போதாததற்கு ஒரே பொருளுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! கணினி, கணனி, கம்ப்யூட்டர், கம்பியூட்டர். இலங்கைத் தளங்களில் ‘கணனி’ என்று போட்டால்தான் சில கட்டுரைகள் வருகின்றன. நானும் பக்கத்து இருக்கை நண்பனும் ஒரே தலைப்பை ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் தேடினோம். முதல் பக்கத்தில் பொதுவாக வந்த முடிவுகள் மிகக் குறைவு.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஒரு பழைய பிடிஎஃப். திரையில் அழகான தமிழ். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் கொட்டுகிறது. காரணம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளுக்கான எண்களின் மேலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஏற்பாடு அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது வெறும் லத்தீன் எழுத்துக் குவியல். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற குறியாக்கம் ஆளாளுக்கு ஒன்றாக இருந்த காலத்தில் 1999 சென்னை தமிழ்நெட் மாநாடு பொதுக் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. பிறகு எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் பரவியது. அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிக் கட்டம் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றப்படாத பழைய ஆவணங்கள், எத்தனை நல்ல தேடுபொறியாக இருந்தாலும், தமிழில் கேட்டால் அகப்படுவது கடினம்.

‘தேடினேன், ஒன்றுமில்லை’ என்று நாம் எழுதுகிறோமே, அதில் எத்தனை உண்மையிலேயே ஒன்றுமில்லாதவை? ஆவணக் காப்பகத்தில் பட்டியலிடாத கட்டு எவ்வளவு இருக்கும் என்று வரலாற்று வகுப்பில் பேசுவோம். இணையத்திலும் அதே கதைதான். இங்கே தூசி மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 6

ஒரு வலைப்பக்கத்தை நம்பலாமா என்று பார்ப்பது எப்படி? பாடநூலில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. ஆசிரியர் பெயர் உண்டா, தேதி உண்டா, எழுத்துப்பிழை உண்டா, முகவரி டாட் ஆர்க் என்று முடிகிறதா. மேடம் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, “படிச்சாச்சா? இப்போ இதை மறந்துடுங்க” என்றார்.

டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். தேதியும், ஆசிரியர் படமும், ‘எங்களைப் பற்றி’ பக்கமும் ஏமாற்ற நினைப்பவர்தான் முதலில் போடுவார். பட்டியல் முழுக்க, அந்தப் பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதையே கேட்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வைச் சொன்னார். 2017இல் வெளியானது. வரலாற்று முனைவர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அதே பல்கலைக்கழக இளநிலை மாணவர்கள் 25 பேர். சில பக்கங்களைக் காட்டி எதை நம்பலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதில் குழந்தை மருத்துவ அமைப்புகள் இரண்டு; பெயர் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட பழைய தொழில்முறைச் சங்கம், மற்றது கருத்து வேறுபாட்டால் பிரிந்துபோன சிறு குழு. மாணவர்களில் பாதிக்கும் மேல் சிறு குழுவின் பக்கமே நம்பகமானது என்றார்கள். முனைவர்களிலும் சிலர் தடுமாறினார்கள்.

சரிபார்ப்பாளர்கள் செய்தது வேறு. பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கவே இல்லை. சில நொடிகளில் வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதற்குப் ‘பக்கவாட்டு வாசிப்பு’ என்று பெயர்.

எனக்கு உறுத்தியது முனைவர்கள் விஷயம். மூலத்தை வரிக்கு வரி ஊன்றிப் படி என்பதுதானே எங்கள் துறை சொல்லித்தரும் முதல் பாடம்? அந்த நல்ல பழக்கமே இங்கே அவர்களைக் காலை வாரிவிட்டிருக்கிறது. ஊன்றிப் படிக்கத் தகுதியானதா என்று தெரிந்த பிறகுதான் ஊன்றிப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 7

நேற்றையதை வைத்து விடுதியில் பெரிய விவாதம். “எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் எப்போது படிப்பது?” என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சந்தேகிப்பவரும் எதையும் சரிபார்ப்பதில்லை. ‘எல்லாரும் பொய்’ என்று சொல்லிவிட்டுத் தனக்குப் பிடித்ததை நம்பப் போய்விடுகிறார். இரண்டு டேப் திறப்பது அதைவிடச் சிக்கனமான வேலை.

ஆகஸ்ட் 21

கடவுச்சொல் வகுப்பு. ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி, அடிக்கடி மாற்று என்ற விதியெல்லாம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதியவர்களில் ஒருவரான பில் பர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக 2017இல் ஒரு பேட்டியில் சொன்னார். கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள். திருடர்களுக்கும் அது தெரியும். அதே ஆண்டு வந்த புதிய வழிகாட்டி, நீளத்துக்கு முதலிடம் கொடுத்தது. காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களை ஏற்காதே என்றது.

அந்த மனிதர் வருந்தி இத்தனை ஆண்டுகள் ஆகியும் பல தளங்கள் இன்னும் ‘ஒரு குறி சேர்க்கவும்’ என்று அடம்பிடிக்கின்றன. விதியை எழுதியவரே திரும்பப் பெற்றுக்கொண்டாலும் விதி வீடு திரும்புவதில்லை.

அடுத்து பூட்டுப் படம். முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் தளம் பாதுகாப்பானது என்றே பலர் எழுதினோம். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. மோசடித் தளங்களும் பூட்டு வாங்கலாம். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

முகவரியைப் படிக்கும் முறை இன்னும் பயனுள்ளது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அங்கே இருக்கும் பெயர்தான் வீட்டுக்காரர். அதற்கும் முன்னால் உங்கள் வங்கியின் பெயர் எத்தனை தடவை வந்தாலும் கணக்கில்லை. இவ்வளவு எளிய விஷயத்தைப் பள்ளியிலேயே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 3

எக்செல். வரலாற்று மாணவர்கள் பயந்தோம். மேடம் முதலில் எங்களை ஆய்வுத் தரவுகளை அப்படியே ஒட்டச் சொன்னார். சுழியத்தில் தொடங்கும் ஆவண எண்களில் சுழியம் காணாமல் போனது. ‘3-4’ என்று பெட்டி எண் கொடுத்திருந்த இடத்தில் ஒரு தேதி உட்கார்ந்திருந்தது. யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல்.

மரபணுவியலாளர்களுக்கு இது பழைய தலைவலியாம். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செல் பட்டியல் இணைத்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருள் அசையவில்லை, உயிரியல் இடம் கொடுத்தது.

அதே 2020இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

ஒட்டுவதற்கு முன்பே பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். மூலக் கோப்பில் கை வைக்காமல் ஒரு நகலில் வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டையும் அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 16

பதிப்புரிமை, பிறகு படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். முக்கியமானதுதான், ஆனால் ஸ்லைடுகளை வாசித்தே நேரம் போனது. படம் எடுத்தால் உரிமத்தைப் பார், பெயரைப் போடு. அவ்வளவுதான்.

செப்டம்பர் 29

செயற்கை நுண்ணறிவு. எல்லாரும் ரகசியமாகச் செய்துகொண்டிருந்ததை மேடம் வெளிப்படையாகவே செய்யச் சொன்னார்: உங்கள் தலைப்புக்கு ஐந்து ஆதாரக் கட்டுரைகளை சாட்பாட்டிடம் கேளுங்கள், பிறகு ஒவ்வொன்றையும் நூலகப் பட்டியலில் தேடுங்கள்.

சில இருந்தன. சில இருந்தும் சாட்பாட் சொன்னது அவற்றில் இல்லை. சில பிறக்கவே இல்லை: நம்பும்படியான தலைப்பு, பக்க எண், ஆண்டு, எல்லாம் கச்சிதம். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கும் இயந்திரத்துக்கு, இருக்கிற கட்டுரையும் இருக்கக்கூடிய கட்டுரையும் ஒன்றுபோலத்தான்.

இங்கே பக்கவாட்டு வாசிப்பு புது விதமாகக் கடினமாகிறது. வலைப்பக்கம் என்றால் எழுதியவர் யார் என்று வெளியே போய் விசாரிக்கலாம். இந்தப் பதிலுக்குப் பின்னால் விசாரிக்க ஆளே இல்லை. பதிலில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகத்தான் பிடித்துக் கேட்க வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்கு ஒரே ஒரு வகுப்பு ஒதுக்கியிருப்பது போதாது. கோப்புப் பெயருக்கும் ஒரு வகுப்பு, இதற்கும் ஒரு வகுப்பா?

அக்டோபர் 9

இறுதி ஒப்படைப்பு: பரவலாகப் பகிரப்படும் ஒரு கூற்றை எடுத்து அதன் பிறப்பிடம் வரை போக வேண்டும். மதிப்பெண் முடிவுக்கு இல்லை, தேடல் பதிவேட்டுக்கு. எதைத் தேடினோம், எங்கே முட்டியது, ஏன் திரும்பினோம் என்று வரிசையாக எழுத வேண்டும். இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

‘தேனீக்கள் மறைந்தால் மனிதன் நான்கே ஆண்டுகள்தான் வாழ்வான்’ என்று ஐன்ஸ்டைன் சொன்னாராம். குடும்பக் குழுவில் அவர் படத்தோடு வருவது. எடுத்துக்கொண்டேன்.

ஐன்ஸ்டைன் 1955இல் இறந்தார். அவருடைய எழுத்திலோ பேச்சிலோ இது இருப்பதாக யாரும் காட்டவில்லை. 1994இல் பிரஸ்ஸல்ஸில் தேனீ வளர்ப்போர் போராட்டத்தில் விநியோகித்த துண்டறிக்கையில் இது அவர் பெயரோடு இருந்திருக்கிறது. அதற்கும் முன்னே 1960களின் தேனீ வளர்ப்பு இதழ்கள் வரை தடம் போகிறது. கூற்றும் நிற்கவில்லை: அரிசி, கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ தேவையில்லை. பழம், காய், கொட்டை வகைகளில் பலவற்றுக்குத் தேவை. அதுவே போதுமான கவலை, ஐன்ஸ்டைனை இழுக்காமலேயே சொல்லலாம்.

குழுவில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பாடத்தில் இல்லாதது. பகிர்ந்தவர் பெரியப்பா. நாலு பேர் முன்னால் ‘இது பொய்’ என்று எழுதுவதற்கு எனக்கு மனமில்லை. தனியாகக் கூப்பிட்டு, “பெரியப்பா, நீங்க அனுப்பினதைத்தான் என் அசைன்மென்ட்டுக்கு எடுத்திருக்கேன்” என்று ஆரம்பித்தேன். யார் அனுப்பியது என்று அவரே பின்னோக்கித் தேடத் தொடங்கி, மூன்றாவது குழுவில் நின்றுவிட்டார். அதையும் பதிவேட்டில் சேர்த்துவிட்டேன்.

அக்டோபர் 13

பதிவேடு ஏறக்குறைய தயார். நான் மேற்கோள் காட்டிய ஒரு பக்கம் இப்போது திறக்கவில்லை. வலைப்பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அது இருக்கிறதா என்று பார்த்து, கிடைத்தால் அந்தத் தேதியிட்ட முகவரியைக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ‘திறக்கவில்லை’ என்று எழுதிவிட்டு ஒப்படைக்கிறேன்.