மேசைமேல் ஒரு ஹோண்டா: ஆர்ஏ272 மாதிரி, எட்டு மாத வேலைக்குறிப்பு

தை மாதம் கைவைத்த வேலை, ஆவணி பிறந்த பிறகும் முடிந்தபாடில்லை. 1965ஆம் ஆண்டு மெக்சிகோ பந்தயத்தில் வென்ற ஹோண்டா ஆர்ஏ272 என்ற ஃபார்முலா ஒன் காரைப் பத்தில் ஒரு பங்கு அளவில் கையாலேயே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தபோது, மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டுவதில் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் அதில் இன்ஜின் எப்படி உட்கார வேண்டும் என்பதை வேறு ஒருவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருப்பார், அந்த யோசனையை நானே செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அந்த ஆசைக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹோண்டாவின் எத்தனையோ கார்களில் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதன் பிறப்புக் கதை. 1964இல் ஹோண்டா ஃபார்முலா ஒன்னுக்குள் நுழையத் தயாரானபோது, இன்ஜினை மட்டும் தான் செய்து, காரின் உடம்பை லோட்டஸ் நிறுவனத்திடம் பெற்றுக்கொள்வது என்றுதான் ஏற்பாடு. கடைசி நேரத்தில் லோட்டஸ் பின்வாங்கியதால், அதுவரை கார் தயாரிப்பில் காலூன்றாத ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனம், சில மாதங்களுக்குள் முழுப் பந்தயக் காரையும் தானே கட்ட வேண்டியதாயிற்று. இன்ஜின் முதலில் பிறந்தது, உடம்பு பிறகு அவசரத்தில் அதற்குத் தைக்கப்பட்டது. இந்த வரிசையை அப்போது நான் ஒரு சுவையான தகவலாக மட்டுமே படித்துவிட்டுக் கடந்துபோனேன்.

வரைபடம் எதுவும் கையில் இல்லாததால், பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தை அச்சிட்டு, எல்லீஸ் நகரில் எங்கள் தெருமுனையில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அசல் காரின் இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 2,300 மில்லிமீட்டர். ஆகவே படத்தில் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை சரியாக 23 சென்டிமீட்டர் வரும்வரை பெரிதாக்கிக்கொண்டே போனால், மற்ற அளவுகள் எல்லாம் தாமாகவே வந்துவிடும். ஏழாவது தாளில் அளவு விழுந்தது. கடைத் தம்பி ஒவ்வொரு முறையும் ஸ்கேலை என்னிடமிருந்து வாங்கித் தானே அளந்து பார்த்தான். ஐந்தாவது தாளுக்குப் பிறகு எனக்கு முன்னாலேயே சதவீதத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

இன்ஜினிலிருந்தே தொடங்கினேன். அதுதான் இந்தக் காரின் அழகு. 1,495 சிசி கொள்ளளவுக்குள் 12 சிலிண்டர்கள், 48 வால்வுகள், அதையும் காரின் நீளவாக்கில் வைக்காமல் குறுக்குவாக்கில் கிடத்தியிருப்பார்கள். 1,495ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 125 சிசி வருகிறது, அதாவது நம் தெருவில் பால்காரர் ஓட்டும் பைக்கின் அளவு. தெரிந்த மெக்கானிக் அண்ணனிடமிருந்து ஒரு பழைய 125 பைக்கின் பிஸ்டனை வாங்கி வந்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். பல 125 பைக்குகளில் போரைவிட, அதாவது சிலிண்டரின் விட்டத்தைவிட, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், நீளமாக இருக்கும். ஹோண்டாவின் பந்தய இன்ஜினிலோ போர் 58.1 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 47 மட்டுமே. பிஸ்டன் ஓடும் தூரம் குறைவு என்பதால் சுற்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். 13,000 சுற்றில் சுமார் 230 குதிரைத்திறன் என்பது அன்றைய ஒன்றரை லிட்டர் கார்களில் முதல் வரிசைத் திறன். இது முழுக்க மோட்டார் சைக்கிள்காரர்களின் புத்தி. 1959இல் மேன் தீவு மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு முதன்முதலாகப் போய், 1961இல் அங்கேயே வென்று, பிறகு 250 சிசிக்குள் ஆறு சிலிண்டரை அடைத்து ஓட்டியவர்கள், கார் இன்ஜினையும் பன்னிரண்டு பைக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது போலத்தான் யோசித்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு காற்றுக் குழல்களை, தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாக்களின் பித்தளை நுனிகளைத் தலைகீழாகப் பொருத்திச் செய்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. புகைக்குழாய்கள்தான் மாசி, பங்குனி இரண்டு மாதங்களையும் தின்றுவிட்டன. எர்த் போடப் பயன்படும் 10 கேஜ் செப்புக் கம்பி மூன்றேகால் மில்லிமீட்டர் தடிமன், எனவே அளவுக்குப் பொருத்தமானது. ஆனால் கடையிலிருந்து வந்தபடி அதை வளைத்தால் வளைவில் தட்டையாகிவிடுகிறது. இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டிச் செக்கச்சிவக்கப் பழுத்ததும், அப்படியே தண்ணீரில் போட வேண்டும். இரும்பு என்றால் இப்படிச் செய்வதில் இறுகிப்போகும், செம்போ இளகிவிடும். எடுத்தவுடன் கம்பி கன்னங்கரேலென்று செதில் பிடித்திருக்கும். அம்மா பூஜைப் பாத்திரத்துக்கு வைத்திருந்த புளியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தால், அந்தக் கருப்பு உரிந்து இளஞ்சிவப்பாக ஒரு பளபளப்பு வரும். அந்த நிலையில் கம்பி சணல் கயிறுபோல் விரலுக்குக் கட்டுப்படும், ஆனால் இரண்டு மூன்று முறை வளைத்தாலே மறுபடியும் விறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று முறை தீ, மூன்று முறை தண்ணீர், மூன்று முறை புளி. கடைசியில் அலுமினியப் பெயிண்டை அடித்து அந்த நிறத்தை மூடியபோது மனது கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

பங்குனிக் கடைசியில் இன்ஜின் முழுமையாக நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகுதான், விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் பிவிசி ஃபோம் ஷீட்டில் உடம்பை வெட்டி ஒட்டி, இன்ஜினை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. குறுக்காகக் கிடக்கும் இன்ஜினில் ஒரு வரிசைச் சிலிண்டர்களின் புகைக்குழாய்கள் ஓட்டுநரின் முதுகை நோக்கியிருக்கும். என் முன்வரிசைக் குழாய்கள் ஆறும் இருக்கைக்குப் பின்னால் உள்ள சுவரில் போய் முட்டி நின்றன. ஆறு மில்லிமீட்டர் இடம் போதவில்லை. பத்தில் ஒரு பங்கு அளவில் அது அசல் காரில் அறுபது மில்லிமீட்டர், அதாவது நான்கு விரற்கடைக்குச் சற்றுக் குறைவு. இன்ஜினின் மேல் இருந்த மோகத்தில், அது எதற்குள் போக வேண்டும் என்பதை ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் இரண்டு மாதம் உழைத்திருக்கிறேன்.

லோட்டஸ் பின்வாங்கிய கதை நான் மறந்திருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தது அப்போதுதான். ஆர்ஏ272இன் எடை 498 கிலோ. விதிப்படி இருந்திருக்கக்கூடிய குறைந்தபட்ச எடை 450. அந்த இன்ஜினைத் தாங்குவதற்காக உடம்பு பட்ட பாடு அந்த 48 கிலோவில் இருக்கிறது. முந்தைய ஆண்டின் ஆர்ஏ271, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ரானி பக்னம் ஓட்ட, கடைசி இடத்திலிருந்து கிளம்பி, முடிக்கும் முன்பே பாதையை விட்டு விலகிப்போனது. 1965 அக்டோபர் 24 அன்று மெக்சிகோவில் நிலைமை மாறியதற்கு அந்த ஊரின் உயரமும் ஒரு காரணம். கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கும் மேலே, காற்று மெலிந்த இடத்தில், எரிபொருளை அளந்து செலுத்தும் முறையை ஹோண்டா துல்லியமாகச் சரிசெய்து வைத்திருந்தது. மூன்றாவது இடத்திலிருந்து கிளம்பிய ரிச்சி கின்தர் முதல் சுற்றிலேயே முன்னால் போய், 65 சுற்றுகளும் யாருக்கும் இடம் கொடுக்காமல் ஓட்டி முடித்தார். பின்னால் வந்த டான் கர்னிக்கும் அவருக்கும் இடைவெளி மூன்று வினாடிகூட இல்லை. இன்ஜின் கொள்ளளவு ஒன்றரை லிட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதியின்கீழ் நடந்த கடைசிப் பந்தயமும் அதுவே.

சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவினர்கள் வந்துவிட்டதால், மாதிரியைப் பரணில் ஏற்றிவிட்டு, இரவில் படிக்க மட்டுமே முடிந்தது. படிக்கப் படிக்க, என் ஆறு மில்லிமீட்டர் தவறு ஹோண்டாவின் வரலாறு முழுவதும் ஓடுவதாகவே தோன்றியது. 1966இல் மூன்று லிட்டர் விதி வந்ததும் அவர்கள் செய்த ஆர்ஏ273, திறன் மிக்கதாகவும் அளவுக்கு மீறிக் கனத்ததாகவும் இருந்தது. மறு ஆண்டு அவர்களின் ஓட்டுநர் ஜான் சர்டீஸ், லோலா என்ற பந்தயக் கார் நிறுவனத்தின் உடம்பை அடிப்படையாகக் கொண்டு ஆர்ஏ300ஐ உருவாக்கச் செய்தார். அது தன் முதல் பந்தயமான இத்தாலியின் மோன்சாவிலேயே, கடைசிச் சுற்றில் முந்தி வென்றது. இரவல் உடம்பு கிடைத்ததும் இன்ஜின் தன் வேலையைக் காட்டிவிட்டது. 1968இல் காற்றால் குளிர்விக்கும் இன்ஜினையும் மெக்னீசிய உடம்பையும் கொண்ட ஆர்ஏ302ஐ ஓட்டச் சர்டீஸ் மறுத்தார். பிரான்ஸின் ரூவான் நகரில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸர் மூன்றாவது சுற்றில் விபத்துக்குள்ளாகித் தீயில் இறந்தார். அந்த ஆண்டோடு ஹோண்டா வெளியேறியது.

1983இல் திரும்பி வந்தபோது இன்ஜின் மட்டும்தான். முதலில் ஸ்பிரிட், பிறகு வில்லியம்ஸ், பிறகு மெக்லாரன் என்று உடம்பு பிறருடையது. 1986, 1987இல் வில்லியம்ஸுக்குத் தயாரிப்பாளர் பட்டம்; 1988இல் மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. நழுவிய அந்த ஒன்று மோன்சா. அங்கே முன்னணியில் இருந்த மெக்லாரன் ஓட்டுநர் செனாவின் கார், சுற்று பின்தங்கிய ஒருவரோடு மோதி நின்றுவிட்டது. அந்த ஒருவர் ஜான் லூயி ஷ்லெஸர், இருபது ஆண்டுகளுக்கு முன் ஹோண்டா காரில் இறந்த ஜோ ஷ்லெஸரின் அண்ணன் தம்பி வழி மகன். இதைப் படித்த இரவு நான் நெடுநேரம் தூங்கவில்லை.

வைகாசியில் இருக்கையின் பின்சுவரை ஆறு மில்லிமீட்டர் முன்னால் தள்ளினேன். ஓட்டுநருக்கு முழங்கால் இடிக்கும், ஆனால் வெளியிலிருந்து தெரியாது. சக்கரங்களைக் கருப்பு நைலான் ராடில் கடைந்து தரும்படி பழங்காநத்தத்தில் ஒரு லேத் பட்டறையில் கேட்டேன். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இது அஜித் ஓட்டுற வண்டியா?" என்று கேட்டார். "இல்லண்ணே, இது அவர் பொறக்கறதுக்கு முன்னாடி ஓடினது" என்றேன். "அப்ப பிரேக் எல்லாம் நம்புற மாதிரி இருந்திருக்காதே" என்று சொல்லிக்கொண்டே ராடைச் சக்கில் பூட்டினார்.

பிற்கால வரலாற்றை இங்கே விரிக்கவில்லை. 2006 முதல் 2008 வரை ஹோண்டா சொந்த அணி நடத்தியதில் ஹங்கேரியில் ஜென்சன் பட்டன் பெற்ற ஒரே வெற்றிதான் மிச்சம். விட்டுப்போன அணியை அதன் தலைவராக இருந்த ராஸ் பிரான் ஏற்று, அதே உடம்பில் மெர்சிடிஸ் இன்ஜினைப் பூட்டி 2009இல் பட்டம் வாங்கினார். ஒரே ஒரு முறை உடம்பு சரியாக அமைந்தது, அப்போது இன்ஜின் அவர்களுடையது இல்லை. கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை நடந்த மூன்று இந்தியப் பந்தயங்களிலும் ஹோண்டா இன்ஜின் ஓடவில்லை என்பதும் எனக்கு ஒரு மனக்குறை. 2015இல் மெக்லாரனின் ஒடுக்கமான உடம்புக்குள் நுழைவதற்காக இன்ஜினைச் சுருக்கினார்கள். சுசுகாவில், ஹோண்டாவின் சொந்தத் திடலிலேயே, அதை ஜிபி2 (ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழான பந்தயம்) இன்ஜின் என்று அந்தக் காரை ஓட்டிய அலோன்சோ ரேடியோவில் கத்தினார். பிறகு ரெட்புல் அணியோடு சேர்ந்து 2021இல் அதன் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனைச் சாம்பியனாக்கினார்கள்.

வண்ணம் அடித்தது ஆடியில், அதுதான் இரண்டாவது முட்டாள்தனம். மொட்டைமாடியில் தந்த வெள்ளையை ஸ்பிரே செய்துவிட்டு நிமிர்ந்தபோது, ஆடிக்காற்று தெருப்புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டின்மேல் ரவை தூவியதுபோல் படியவைத்துவிட்டது. 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. மறுமுறை குளியலறையில் வாளிகளை வெளியேற்றிவிட்டு, சுவரில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிய பிறகே அடித்தேன். மூக்கின்மேல் வரும் செவ்வட்டத்துக்கு வெட்டிய டேப்பின் ஓரத்தில் சிவப்பு கசிந்து, வட்டத்துக்கு இடப்பக்கம் மெல்லிய மீசை ஒன்று முளைத்திருக்கிறது. அதைப் பல்குத்தும் குச்சியில் தின்னரைத் தொட்டுத் துடைக்க வேண்டும்.

இன்றைய நிலவரம்: நான்கு சக்கரங்களும் பூட்டியாகிவிட்டன, 11 என்ற எண்ணை எழுதியாகிவிட்டது, காற்றுத் தடுப்புக் கண்ணாடி பாக்கி. கண்ணாடி மேசைமேல் நிறுத்திப் பார்த்தால் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு அஞ்சலட்டை தாராளமாக நுழைகிறது. உடம்பு கோணலா, சஸ்பென்ஷன் கம்பி கோணலா என்று தெரியவில்லை. இன்ஜினைக் கழற்றிவிட்டு உடம்பை மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.