ரியல் அனாலிசிஸ் எடுக்கலாமா? நான் முடிவெடுத்த விதம்

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அடுத்த செமஸ்டருக்கு ஒரு எலெக்டிவ் எடுக்க வேண்டும். கணிதத் துறை இரண்டு தாள்கள் தந்தது: நியூமரிக்கல் மெத்தட்ஸ் (கணக்குகளுக்கு எண்களால் தோராய விடை காணும் முறைகள்), ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி போன்ற நுண்கணிதக் கருத்துகளை நிரூபணத்தோடு படிப்பது). எங்கள் வகுப்பில் எல்லோரும் முதலாவதை டிக் செய்துவிட்டார்கள். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு ஒரே பஸ்சில் வரும் சீனியர் அண்ணன், "அனாலிசிஸா? அரியர் வைக்கணும்னு ஆசையா தம்பி?" என்றார். வீட்டில் அப்பத்தாவுக்கு ஒரே கேள்விதான்: "அதப் படிச்சா வேலை கெடைக்குமா ராசா?"

வேலைக் கணக்கைப் பார்த்தால் பதில் சுலபம். எம்.எஸ்சி. இயற்பியலுக்காக ஜாம் என்ற ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு எழுதுபவனுக்கு ரியல் அனாலிசிஸ் தேவையில்லை. அது கணிதத் தாளின் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. ஆக, பிடித்திருந்தால் மட்டும் எடுக்க வேண்டிய பாடம். பிடிக்குமா என்பதை எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது எப்படி?

முதலில் நூலகத்தில் பழைய வினாத்தாள்களைப் புரட்டினேன். பாதிக்கு மேல் "தேற்றத்தைக் கூறி நிரூபி" வகை. போல்சானோ–வயர்ஸ்ட்ராஸ், ஹைனே–போரல் என்று அதே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. பத்துப் பதினைந்து நிரூபணங்களை உருப்போட்டால் பாஸ் நிச்சயம். அரியர் பயம் அங்கேயே போய்விட்டது, கூடவே ஆசையும் கொஞ்சம் போனது. உருப்போட்டு எழுத எதற்கு இந்தப் பாடம்?

அடுத்து, ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லின் வீடியோக்கள். பார்க்கப் பணம் கட்ட வேண்டாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். பாடம் நன்றாகவே புரிந்தது. ஆனால் வாராந்தர அசைன்மென்ட் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. அதில் முழு மதிப்பெண் வாங்கினாலும் ஒரு நிரூபணத்தை நானாக எழுதுவேனா என்பது தெரியாது.

கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ரூட் 2 விகிதமுறா எண்ணுன்னு ஸ்கூல்ல நிரூபிச்சிருப்பியே. அதே நிரூபணத்துல 2-ஐ எடுத்துட்டு 4-ஐப் போடு. எந்த வரியில உடையுதுன்னு எழுதிட்டு வா. அப்புறம் 6-ஐப் போட்டுப் பாரு."

இதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்த்து வைத்தது. ரூட் 4 என்பது 2. அது விகிதமுறா எண் என்று நிரூபணம் சொன்னால் நிரூபணம்தான் தப்பு. ரூட் 4 = p/q, அதில் p, q-க்குப் பொதுக் காரணி இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதினால் p² = 4q². ஆகவே p²-ஐ 4 வகுக்கும். அதுவரை ஒரு குறையும் இல்லை. "ஆகவே p-ஐயும் 4 வகுக்கும்" என்ற அடுத்த வரியில்தான் உடைகிறது. p = 2 என்றால் p²-ஐ 4 வகுக்கும், p-ஐ வகுக்காது. சரி, 2 பகா எண், 4 பகா எண் இல்லை, அதுதான் காரணம் என்று எழுதி முடித்தேன். 6-ஐப் போட்டதும் அந்தக் காரணம் ஆடிப்போனது. 6-உம் பகா எண் இல்லை, ஆனால் நிரூபணம் நிற்கிறது! சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழாமல் உட்கார்ந்திருந்தேன். 6-ஐ 2, 3 என்று பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வருகிறது, 4-இல் 2 இரண்டு முறை வருகிறது. விஷயம் பகா எண்ணா இல்லையா என்பதில் இல்லை, அந்த 'இரண்டு முறை'யில் இருக்கிறது.

பள்ளியில் எத்தனையோ தடவை ஒப்பித்த நிரூபணம். அதில் எந்த வரி பாரம் தாங்குகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாளைப் படித்துவிட்டுப் பேராசிரியர், எஸ்.எஸ்.பிள்ளை என்ற கணித அறிஞரைப் பற்றிச் சொன்னார். நம்ம கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் (1⁶, 2⁶, 3⁶ போன்றவை) கூட்டலாக எழுதலாம் என்று 1940-இல் நிரூபித்தார். கம்ப்யூட்டரில் ஒரு கோடி எண் வரை சரிபார்க்க எனக்கும் புரோகிராம் எழுதத் தெரியும். ஒரு கோடிக்கு அப்புறம்? நியூமரிக்கல் மெத்தட்ஸ் மட்டமான பாடம் என்று சொல்லவில்லை. இயற்பியல்காரனுக்கு அதுதான் சோறு போடும். அதை நானே படித்துக்கொள்ள முடியும், நிரூபணம் எழுதினால் திருத்த ஒருவர் வேண்டும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: வீடியோ புரிகிறதா என்று பார்க்காதீர்கள், எல்லோருக்கும் புரியும். மூடிவைத்துவிட்டு, 1/n பூஜ்யத்தை நெருங்குகிறது என்பதை வரையறையிலிருந்து எழுதிப் பாருங்கள். எவ்வளவு சிறிய இடைவெளி (எப்சிலான்) சொன்னாலும், ஏதோ ஓர் N-ஆவது உறுப்புக்குப் பிறகு எல்லா உறுப்புகளும் அந்த இடைவெளிக்குள் வந்துவிட வேண்டும் என்பதுதான் வரையறை. "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஓர் N உண்டு" என்பதை "ஓர் N உண்டு, அது எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும்" என்று மாற்றிப்போட்டால், ஒரு கட்டத்துக்குப் பிறகு அசையாமல் நிற்கும் தொடர்வரிசைகள் மட்டும்தான் தேறும், 1/n தேறாது. ஏன் என்று யோசிக்கும்போது எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா? எரிச்சல் வந்தால் தாராளமாக வேறு பாடம் எடுங்கள்.

படிவத்தில் ரியல் அனாலிசிஸ் என்றே எழுதிக் கொடுத்தேன். வகுப்பு நேரம் இயற்பியல் ஆய்வகத்தோடு மோதுகிறது. பேட்ச் மாற்றித் தரச் சொல்லித் துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன், இன்னும் கையெழுத்தாகவில்லை.