இடித்தவன் போய்விட்டான், பம்பர் இங்கே தொங்குகிறது

காரை நிறுத்திவிட்டுப் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வரும்போது தூரத்திலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. பின்பக்கம், இடது மூலை. பம்பர் ஒரு பக்கம் கழன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, டெயில் லைட்டில் விரிசல், சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல், அதன் மேல் நீளமாக வெள்ளைத் தீற்றல். என் வண்டி கருநீலம். இடித்தவன் சீட்டு ஏதாவது எழுதி வைத்திருப்பானோ என்று வைப்பரைப் பார்த்தேன். ஒரு சீட்டு இருந்தது. ஏதோ விளம்பரம்.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். தொங்குகிற பம்பரைப் பார்க்கப் பொறுக்காமல் முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினேன். 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது, கூடவே உள்ளே இன்னொரு கிளிப்பும் உடைந்தது. அப்புறம்தான் போட்டோ எடுக்கவில்லையே என்று உறைத்தது. நான் எடுத்த படங்களில் பம்பர் கிட்டத்தட்ட ஒழுங்காக இருக்கிறது, அதை வைத்து "முழுசா கழன்று தொங்கியது சார்" என்று பின்னால் சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயருக்குப் புரியவைக்கப் பட்ட பாடு தனி.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், வண்டியை நகர்த்தாதீர்கள் (போக்குவரத்தை மறித்து நின்றால் மட்டும் விதிவிலக்கு). முதல் படம் நன்றாகத் தள்ளி நின்று, வண்டி எங்கே எப்படி நின்றது என்று தெரிகிற மாதிரி, கோடு, சுவர், பக்கத்து வண்டிகள் எல்லாம் சேர்த்து. அப்புறம் கிட்டே போய் அடிபட்ட இடம். நசுங்கலை நேராக எடுத்தால் ஒன்றுமே தெரியாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து வெளிச்சம் வழுக்கிப் போகிற கோணத்தில் எடுத்தால்தான் பள்ளம் தெரியும். டேப் இருந்தால் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் அடி என்று அளவோடு ஒரு படம். எனக்கு அடி 70 சென்டிமீட்டரில் விழுந்திருந்தது. சாதாரணக் காரின் பம்பர் பெரும்பாலும் 40, 50 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஆக இடித்தது ஏதோ உயரமான வண்டி, வெள்ளை நிறம். உட்கார்ந்த இடத்திலேயே துப்பறிவாளன் ஆகிவிட்டேன்.

தரையையும் பாருங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான். என் சக்கரத்துக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடந்தது. என் இண்டிகேட்டர்கள் முழுசாக இருந்தன, ஆக அது அவனுடையது. விளக்குகளின் பிளாஸ்டிக்கில் பல நேரம் தயாரித்தவரின் குறியோ பாக எண்ணோ பொறித்திருக்கும், முழு எண் கிடைத்தால் எந்த மாடல் வண்டி என்றே பிடித்துவிடலாம். என் துண்டில் இரண்டே இரண்டு இலக்கம். அதையும் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

கோபத்தில் நமக்குப் புரியாமல் போவது ஒன்று உண்டு. இடித்தவனைத் தேடுவது ஒரு வேலை, வண்டியைச் சரிசெய்வது இன்னொரு வேலை, இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை. நான் "ஆள் கிடைக்கட்டும், அவன் செலவிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று பத்து நாள் சும்மா இருந்தேன். அந்தப் பத்து நாளில் டெயில் லைட் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பல்பு போனது, நசுங்கின விளிம்பில் பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பூக்கத் தொடங்கியது.

தேடும் வேலையில் அவசரம் காட்ட வேண்டியது கேமரா விஷயத்தில் மட்டும்தான். சிசிடிவி ரெக்கார்டரில் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சில இடங்களில் ஒரு மாதம் தாங்கும், சில இடங்களில் சில நாள்கூடத் தாங்காது. அன்றைக்கே போய்க் கேளுங்கள். காப்பி தர மாட்டேன் என்று சொன்னால் சண்டை போடாதீர்கள், அடுத்தவர் முகமெல்லாம் அதில் இருக்கும், அவர்களுக்கும் தயக்கம் இருக்கும்தானே. "இந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் அழியாமல் எடுத்து வையுங்கள், போலீஸ் கேட்டால் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்கும்போதே திரையில் ஓடும் கடிகாரத்தை உங்கள் போனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த கேமரா நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் அரை மணி நேரம் வெறும் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தோம். வெள்ளை வேன். ரிவர்ஸில் வருகிறது, என் வண்டி ஒரு குலுங்கு குலுங்குகிறது, வேன் நிற்கிறது. டிரைவர் பக்கக் கதவு பாதி திறக்கிறது. எட்டு விநாடி. கதவு மூடுகிறது, வேன் போய்விடுகிறது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளைக் கட்டம்.

அந்த எட்டு விநாடியைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. தெரியாமல் உரசிவிட்டுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இவனுக்குத் தெரிந்திருக்கிறது, யோசித்திருக்கிறான், யோசித்துவிட்டுப் போயிருக்கிறான்.

நானும் யோக்கியன் வேஷம் போடவில்லை. வண்டி ஓட்டப் பழகிய புதிதில் நின்றுகொண்டிருந்த ஒரு காரின் கண்ணாடியைத் தட்டியிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை, எனக்கும் ஒரு எட்டு விநாடி இருந்தது. பெயரும் நம்பரும் எழுதி வைத்துவிட்டு வந்தேன், மறுநாள் அவர் கூப்பிட்டார், பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டோம். சட்டமும் பல நாடுகளில் இதைத்தான் எதிர்பார்க்கிறது: நில், விவரம் கொடு, உரியவர் இல்லையென்றால் போலீசில் சொல். பிரிட்டனில் விவரம் கொடுக்க ஆள் கிடைக்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் இன்னும் கறார், வைப்பரில் சீட்டு வைப்பது மட்டும் போதாது. நியாயமான நேரம் அங்கேயே காத்திருந்து, யாரும் வராவிட்டால் உடனே தகவல் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் தப்பி ஓடிய கணக்குதான்.

போலீசில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பம்பருக்காக அவர்கள் தனிப்படை அமைக்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் புகார் எண் இருந்தால்தான் கேமராக்காரரும் மதிக்கிறார், இன்சூரன்ஸும் மதிக்கிறது. போய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்தான் அடுத்த வயிற்றெரிச்சல். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் இதற்கு ஒன்றும் கிடைக்காது, நாம் மற்றவர்களுக்கு விளைவிக்கும் சேதத்துக்கு அது. முழுக் காப்பீடு இருந்தால் கிளெய்ம் பண்ணலாம், ஆனால் இடித்தவன் யார் என்று தெரியாததால் கம்பெனிக்கு அந்தப் பணத்தை வசூலிக்க ஆளில்லை. அதனால் பல பாலிசிகளில் தப்பு நம் மேல் இல்லாவிட்டாலும் நம் கணக்கில் ஒரு கிளெய்மாக ஏறிவிடும். முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள், அதற்கு மேல் அடுத்த வருடங்களில் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் பண்ணாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகும்.

ஆகவே முதலில் பட்டறையில் ஒரு எஸ்டிமேட் வாங்குங்கள், வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள். ரிப்பேர் 100 என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிள் 30, போனஸ் போவதால் வரும் வருடங்களில் கூடுதலாகக் கட்டப்போவது 50 என்றால், கிளெய்ம் பண்ணி மிச்சமாவது வெறும் 20. அதற்கு ஃபாரம், அலைச்சல், சர்வேயருக்காகக் காத்திருப்பு. சின்னக் கீறலுக்கு ஏன் பலர் கையிலிருந்தே கொடுத்துவிடுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு எஸ்டிமேட் பெரிதாக வந்ததால் கிளெய்ம் பண்ணினேன். பண்ணாவிட்டாலும் சம்பவத்தைத் தெரிவிக்கச் சொல்லும் பாலிசிகள் உண்டு, தாமதமாகச் சொன்னால் மறுக்கவும் காரணம் கிடைக்கும், அதனால் பாலிசியை ஒரு தடவை படித்துவிடுங்கள். அப்படியே போன வருடத்துக் கீறலையும் இதில் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய கீறலுக்குள் அழுக்கும் துருவும் படிந்திருக்கும், சர்வேயர் அதைத் தினமும் பார்க்கிறவர்.

எஸ்டிமேட் ஏன் பெரிதாக வந்தது என்றால், வெளியே தெரிந்தது பாதிதான். பம்பர் என்று நாம் சொல்வது மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் தோல். அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் பழைய வடிவத்துக்கு ஓரளவு வந்துவிடும், பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். அதற்குப் பின்னால் அதைத் தாங்கும் பிராக்கெட், அடியை வாங்க ஒரு குஷன், பிறகு உலோகச் சட்டம், நடுவில் பார்க்கிங் சென்சார்கள். எனக்குப் பிராக்கெட் உடைந்திருந்தது, ஒரு சென்சார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்க்காமல் கொடுக்கும் எஸ்டிமேட்டை நம்பாதீர்கள். பின்மூலையில், பக்கத்தில் வரும் வண்டிகளைக் கவனிக்கும் ரேடார் உள்ள வண்டியென்றால் அதையும் மறுபடி அளவு சரிபார்க்க வேண்டியிருக்கலாம். சக்கரத்தில் அடி விழுந்திருந்தால் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கும் அலைன்மென்ட்டும்.

பெயிண்ட் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. அந்த வெள்ளைத் தீற்றலில் முக்கால்வாசி என் வண்டியின் காயமே இல்லை, அவன் பெயிண்ட் என் மேல் ஒட்டியிருந்தது. டிங்கர் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. (படமெல்லாம் எடுத்து, சர்வேயர் வந்து போன பிறகு!) மிச்சக் கீறலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் மேல் பூச்சான கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது, பாலிஷில் சரியாக வாய்ப்புண்டு. மாட்டினால் ஆழம். அடிப்பூச்சான பிரைமரிலிருந்து கிளியர் கோட் வரை எல்லா அடுக்கும் சேர்ந்தே 100, 150 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடு தெரிந்தால் அன்றைக்கே டச்சப் பெயிண்டாவது தடவுங்கள், குறைந்தபட்சம் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்குக்குத் துரு கவலை இல்லை. வெந்நீர் ஊற்றிப் பம்பர் பள்ளத்தை எடுக்கிற வீடியோக்கள் பொய்யில்லை, ஆனால் அது பிளாஸ்டிக்குக்கு மட்டும். தகட்டில் ஊற்றினால் வண்டி குளிக்கும், அவ்வளவுதான்.

பெயிண்ட் உடையாமல் வெறும் பள்ளம் என்றால் பின்னாலிருந்து நெம்பியே எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மடிப்பு கூர்மையாக விழுந்து பெயிண்டும் உரிந்திருந்ததால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தார்கள். மெட்டாலிக் நிறமென்றால் அந்த ஒரு இடத்தில் மட்டும் அடித்தால் தனியாகத் தெரியும், பக்கத்துப் பேனல் வரை மெல்ல மங்கலாக்கிக் கொண்டுபோக வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பட்டறை விளக்கில் பார்க்காதீர்கள். வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தேன், ஒரு தடவை திருப்பியும் அனுப்பினேன்.

டேஷ்கேம் (வண்டிக்குள் பொருத்தும் கேமரா) வாங்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். வாங்கினேன். வாங்குபவர்களுக்கு ஒன்று, பின்பக்கக் கேமராவும் சேர்த்து வாங்குங்கள், நிறுத்தி வைத்த வண்டியை முன்னாலிருந்து மட்டும்தான் இடிப்பார்கள் என்று எந்த விதியும் இல்லை. இன்ஜின் அணைந்த பிறகும் பதிவு செய்ய வேண்டுமென்றால் பேட்டரி இறங்கினால் தானாக நிறுத்திக்கொள்ளும் கட்-ஆஃப் வசதியோடு வயரிங் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள், நான் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை வேன். பின்னால் ஒரு இண்டிகேட்டர் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது, இன்னொன்று புத்தம் புதிது. என் டேஷ்போர்டு பெட்டியில்தான் அந்த ஆரஞ்சுத் துண்டு இருந்ததே. எடுத்துக்கொண்டு போய்ப் பழைய விளக்கின் பக்கத்தில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் வந்துவிட்டார்.

"என்ன சார் வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க, சும்மா."

வளைவு வேறு, கோடுகள் வேறு. பொருந்தவில்லை. துண்டை மறுபடி பெட்டியிலேயே போட்டுவிட்டேன்.