வெயில் காலத்தில் தானாக ஆஃப் ஆகும் டெஸ்க்டாப்: திறப்பதற்கு முன்னும் திறந்த பிறகும்

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான். அந்த நாட்களில் கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆனால் உடனே புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கில் அடைந்த தூசியையும், இரண்டுக்கும் நடுவில் பூசிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் முதலில் பாருங்கள். மெதுவாக ஓடுவதுதான் பிரச்சினை என்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்) போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

எதைச் செய்தாலும் முதலில் கரண்ட். பிளக்கைப் பிடுங்காமல் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் எர்த் கிடைக்கும், உடம்பில் தேங்கிய ஸ்டாட்டிக் மின்சாரம் இறங்கிவிடும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம்ம பக்கம் அதை நம்ப முடியாது. பழைய வீடுகள் பலவற்றில் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் வந்திருக்காது. வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட பாதி கேபினெட் பாடிக்கு வந்து நிற்கும். கரண்ட் அளவு மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது போர்ட் போய்விடலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வதுதான் முதல் அப்கிரேட் என்பேன்.

யூபிஎஸ் இருந்தால் சுவர் சுவிட்சை அணைத்துப் பயனில்லை, பேட்டரியிலிருந்து சப்ளை வந்துகொண்டே இருக்கும். பவர் கார்டை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே பிடுங்குங்கள். மானிட்டர், லேன், யுஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள், மீதிச் சார்ஜ் இறங்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்கக் கூடாது. அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்க வாய்ப்புண்டு.

காட்டன் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எந்த பார்ட்டைத் தொடும் முன்னும் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டால் ஸ்டாட்டிக் இறங்கிவிடும். தூசியை வெளியில் வைத்து ப்ளோயரால் ஊதுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

அதிகம் பேர் தவறுவது இன்டெல் கூலரை (ஹீட் சிங்க்கும் ஃபேனும் சேர்ந்தது) கழற்றித் திரும்ப மாட்டும்போதுதான். எல்ஜிஏ 1151 போன்ற சாக்கெட்டுகளில் (பிராசசர் உட்காரும் இடம்) கூலருக்கு நான்கு புஷ் பின்கள். பின்னின் தலையில் இருக்கும் அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் லாக் விடும், மாட்டும் முன் அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். குறுக்காக இரண்டிரண்டு பின்னாக அழுத்துங்கள். ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் மட்டும் போதாது, மதர்போர்டின் பின்பக்கம் நான்கு பின் முனைகளும் விரிந்து வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஏறாவிட்டாலும் அந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், எவ்வளவு நல்ல பேஸ்ட் போட்டாலும் சூடு ஏறும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து அதன் அடியில் உள்ள பின்கள் வளையலாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆஃப் செய்து, சூடு இருக்கும்போதே இடதும் வலதுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் தவறான ராம், அமுக்காதீர்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ராம் என்றால், பிராசசர் பக்கமிருந்து 2, 4 பெரும்பாலும் சரியாக இருக்கும். போட்டதும் டிஸ்ப்ளே வராவிட்டால் முதலில் ராமைக் கழற்றி லாக் விழும்வரை திரும்ப அழுத்துங்கள்.

எஸ்எஸ்டியில் சாட்டா வகை (ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் இணைவது) விநாடிக்கு சுமார் 500 எம்பி ஓடும், பழைய மெஷினுக்கு அது தாராளம். எம்.2 (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சிறிய வகை) வாங்குமுன் போர்டு மேனுவலைப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. எதற்கும் முன் டேட்டாவை பேக்கப் எடுங்கள். கம்ப்யூட்டரில் தேதி அடிக்கடி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காயின் செல்லையும் இப்போதே மாற்றிவிடலாம்.

முதல் தடவை ஆன் செய்யும்போது பக்கவாட்டு மூடியை மூடாதீர்கள். ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள், பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய் பிராசசர் டெம்பரேச்சரைக் கவனியுங்கள். வெயில் நாளில் 45, 50 டிகிரி என்று நின்றால் கவலை இல்லை. நிற்காமல் 80ஐத் தாண்டி ஏறினால் உடனே ஆஃப் செய்துவிட்டு கூலரின் அந்த நான்கு பின்களைத் திரும்பப் பாருங்கள்.