பூட்டியிருந்தது

"வீடு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்துத் திறக்க உத்தரவு இல்லாமையால் வாரண்டு நிறைவேற்றப்படாமல் திருப்பி அனுப்பப்படுகிறது." இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணிக்காலத்தில் இந்த இரண்டு வரிகளை கோர்ட் அனுப்பிய எத்தனையோ வாரண்டுகளின் பின்புறத்தில் ஷராவாக, அதாவது நடந்ததைச் சொல்லும் குறிப்பாக, எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று மட்டும், ஓய்வு பெற்ற பின்பும், விடியற்காலையில் விழிப்பு வரும் நாட்களில் நினைவுக்கு வருகிறது. அதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு சொல்கூடக் கிடையாது. பொய்யாக இருந்திருந்தால், இதற்குள் யாரிடமாவது ஒப்புக்கொண்டு தீர்த்திருப்பேன்.

காகிதத்தில் என் பதவியின் பெயர் முதுநிலைக் கட்டளைப் பணியாளர். கோர்ட் உத்தரவை நேரில் போய் நிறைவேற்றுவது வேலை; சிதம்பரத்தில் யாரைக் கேட்டாலும் அமீனா என்பார்கள். அமீனாவைப் பற்றி ஊரில் நிலவும் பேச்சு எனக்குத் தெரியாததல்ல. எதிர்த்தரப்பிடம் கைநீட்டிவிட்டு 'பூட்டியிருந்தது' என்று எழுதிவிடுவான் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அதனாலேயே அந்த ஷராவை எழுதும்போதெல்லாம் கூடுதல் கவனமாக இருந்தேன். பூட்டியிருந்தால் மட்டுமே பூட்டியிருந்தது என்று எழுதினேன். இந்த வழக்கிலும் அப்படித்தான் எழுதினேன்.

வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை. குடும்பத்துக்கு என்று சொல்லி வீட்டை வாடகைக்கு எடுத்தவர், சில மாதங்களில் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று பல்கலைக்கழக மாணவர்களை நிரப்பித் தலைக்கு இவ்வளவு என வசூலிக்கத் தொடங்கினார். டீச்சரம்மாவுக்குச் சேர வேண்டிய வாடகையோ நின்றுபோயிற்று. எங்கள் ஊரில் இது புதிதல்ல. விடுதியில் இடம் கிடைக்காத பையன்கள் ஜூன் மாதத்தில் பெட்டியோடு தெருத்தெருவாக அலைவார்கள். பேச்சிலர்களுக்கு இல்லை, அசைவம் கூடாது, இரவு பத்து மணிக்குக் கேட் மூடப்படும் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு நிபந்தனை நிற்கும். கடைசியில், எந்த நிபந்தனையும் போடாத, எந்தக் காகிதமும் தராத இப்படிப்பட்ட ஒருவரிடம் போய்ச் சேருவார்கள்.

அப்போது நடைமுறையிலிருந்தது 1960ஆம் ஆண்டின் கட்டிடக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 10ஆம் பிரிவில் குடியிருப்பவரை வெளியேற்றச் சொல்லப்பட்டிருந்த காரணங்களில் இரண்டை டீச்சரம்மா எடுத்தார்: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, எழுத்துமூலமான சம்மதமில்லாமல் உள்வாடகைக்கு விட்டது. இரண்டு மாத அவகாசத்தோடு நோட்டீஸ் அனுப்பி, அதற்குப் பின்பும் பாக்கி தொடரவே ஆர்.சி.ஓ.பி. என்கிற வாடகைக் கட்டுப்பாட்டு மனுப் போட்டார். முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தார்; சப் கோர்ட்டில் அப்பீல் நடந்து அங்கும் ஜெயித்தார். மொத்தம் ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளும் அவர் வேறொரு தெருவில், வாடகை வீட்டில் இருந்தார். கரண்டைப் பிடுங்கு, தண்ணீரை நிறுத்து, தானாக ஓடிவிடுவார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. வழக்கு நடக்கும்போது வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்று 17ஆம் பிரிவு சொல்வதை வக்கீல் எடுத்துச் சொன்னதும், மோட்டார் பழுதான ஒரு கோடையில் தன் செலவில் அதைச் சரிசெய்தும் கொடுத்தார். இதையெல்லாம் நான் பின்னால்தான் கேள்விப்பட்டேன். முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம். வீட்டைக் காலி செய்து டீச்சரம்மாவிடம் ஒப்படைக்கச் சொல்லும் வாரண்டு என்னிடம் வந்திருந்தது; அது 30ஆம் தேதிக்குள் கோர்ட்டுக்குத் திரும்ப வேண்டும். மே மாதம் கோர்ட் விடுமுறை. மனுதாரர் தரப்பில் சொத்தை அடையாளம் காட்ட வக்கீல் குமாஸ்தா பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பக்கத்துத் தெருவில் ஒரு சம்மனைச் சார்வு செய்யும், அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கும், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் பத்து மணிக்கே அந்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருக்கலாம். ஏன் உட்காரவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வெயில் என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து நான்கு பையன்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் உப்புமா கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த முருகன் காலண்டரின் ஆணியில் நான்கு ஹால் டிக்கெட்டுகளையும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். அமீனா என்றதும் அவர்களுக்குப் புரியவில்லை. வாரண்டைக் காட்டினேன். ஒல்லியாக இருந்த ஒருவன் அதை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் விரலை வைத்து வரிவரியாகப் படித்துவிட்டுக் கேட்டான்:

"இதுல எங்க பேரு எங்க சார் இருக்கு?"

இல்லைதான். உத்தரவு, வீட்டை எடுத்தவரின் பெயரில் மட்டுமே. அவர் மூலமாக உள்ளே வந்தவர்களையும் அந்த உத்தரவு கட்டுப்படுத்தும் என்பதை நான் அவனுக்கு விளக்கினேன். எத்தனையோ பேருக்கு விளக்கிய விஷயம் அன்றைக்கு என் காதுக்கே சரியாக ஒலிக்கவில்லை. ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகவும், இப்படி ஒரு வழக்கு நடப்பதே தங்களுக்குத் தெரியாதென்றும் சொன்னார்கள். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொன்னது. ஆனால் ரசீதே இல்லாத பணத்துக்கு எந்தப் பிரிவைக் காட்டுவது?

"நாளைக்கு எக்ஸாம் சார்," என்றான் இன்னொருவன். அவன் குரலில் கெஞ்சல்கூட இல்லை, தகவலாகத்தான் சொன்னான்.

அப்போது நான் சொன்னது இதுதான்: "ஆள் இருந்தா வெளியே அனுப்பித்தான் ஆகணும் தம்பி. பூட்டியிருந்தா, உடைக்க எனக்கு உத்தரவு இல்லை."

இவ்வளவுதான். பூட்டிவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் இருந்த வாரண்டின் எல்லை எதுவோ அதைச் சொன்னேன். பூட்டியிருந்தால் அமீனா திரும்பி வந்து ஷரா எழுதுவதும், மனுதாரர் பூட்டை உடைக்கவும் போலீஸ் பாதுகாப்புக்கும் தனித்தனியாக மனுப் போட்டு உத்தரவு வாங்குவதும் எங்கள் வழக்கம். கோர்ட் வராந்தாவில் நிற்கும் எவருக்கும் தெரிந்த நடைமுறை. தெரிந்தவனுக்கு ஒரு சட்டம், தெரியாதவனுக்கு ஒரு சட்டம் என்றிருப்பது நியாயமா என்று எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்த வீட்டை எடுத்தவர் அன்று உள்ளே இருந்திருந்தால், நான் சொல்லாமலே பூட்டியிருப்பார். மேலும், பத்து மணிக்கு நான் அங்கே இருந்ததற்குச் சட்டப்படி அர்த்தமே இல்லை. மனுதாரர் தரப்பு வந்து சொத்தை அடையாளம் காட்டும்வரை என் வேலை தொடங்கவில்லை. வேலை தொடங்கிய பதினொரு மணிக்கு வீடு பூட்டியிருந்தது.

இப்படியே நிறுத்திக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் பூட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

எந்நேரமும் யாராவது ஒருவர் இருக்கிற வீடு என்பதால் அவர்களிடம் பூட்டே இல்லை. ஒருவன் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக் கடைக்கு ஓடினான். மற்றவர்கள் ஸ்டவ்வை அணைத்துவிட்டுப் புத்தகங்களை மஞ்சள் பைகளில் அள்ளினார்கள். நான் வாசலை விட்டு நகராமல், மின்சார மீட்டரைப் பார்ப்பவன் போல முகத்தைத் திருப்பி நின்றேன். ஓடிப்போனவன் திரும்பி வந்தபோது பூட்டு காகித உறையில் இருந்தது. இரண்டு சாவிகளையும் வளையத்தோடு சேர்த்து மெல்லிய கம்பியால் முறுக்கியிருந்தார்கள். அவன் பல்லால் இழுத்துப் பார்த்தான். கை நடுங்கியதில் கம்பி இன்னும் இறுகிற்று. என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, அதன் கிளிப்பை விட்டு நெம்பி, நான்தான் அந்தக் கம்பியைப் பிரித்துக் கொடுத்தேன். அதே பேனாவால்தான் முக்கால் மணி நேரம் கழித்து ஷரா எழுதினேன்.

குமாஸ்தா வந்து பூட்டைப் பார்த்தார். பளபளவென்றிருந்த அதைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சாக்கடை ஓரத்தில் காகித உறை கிடந்தது. அவர் என் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்தவர், ஒன்றும் கேட்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

மே மாதம் போயிற்று. கோர்ட் திறந்து பூட்டை உடைக்கும் மனு எண்ணிடப்படுவதற்குள், வீட்டை எடுத்தவர் ஹைகோர்ட்டில் 25ஆம் பிரிவின் கீழ் சீராய்வு மனுப் போட்டு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். ஏப்ரலிலேயே வீட்டின் சுவாதீனம் டீச்சரம்மாவின் கைக்குப் போயிருந்தால், தடை வாங்குவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. இது எனக்கு அன்றைக்கே தெரியுமா என்றால், தெரியும். விடுமுறைக்கு முன் வாரண்டு திரும்பினால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பரீட்சைக்காக ஒரு நாளைத்தான் கொடுத்தேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது இதனால்தான்.

ஜூன் கடைசியில் டீச்சரம்மா கோர்ட்டுக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. குமாஸ்தா கைகாட்டியிருக்க வேண்டும். வராந்தாவில், குடையை மடக்கியபடி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, அந்தப் பூட்டு என்ன விலை இருக்கும்?"

"நாப்பது, அம்பது ரூபா இருக்கும்மா," என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார். நின்று என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் கேட்டது பூட்டின் விலையை அல்ல என்பது அவர் தெருவுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. 'எந்தப் பூட்டு?' என்று கேட்டிருந்தால் நான் உத்தியோகஸ்தனாக இருந்திருப்பேன். விலையைச் சொன்னதால், அது புதுப்பூட்டு என்று எனக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டேன். அந்த 'அவ்வளவுதானா'வை நான் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்க்கிறேன். ஒன்று, இவ்வளவு சொற்பத்துக்கா என்னை விற்றாய் என்பது. மற்றொன்று, நிஜமாகவே பூட்டின் விலையைத்தான் சொல்கிறான், பணம் வாங்கியவனில்லை என்று அவர் புரிந்துகொண்டது. அப்படிப் புரிந்துகொண்டிருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா, அல்லது பணத்துக்காகக்கூட இல்லாமல் சும்மா ஒருவன் இதைச் செய்திருக்கிறானே என்று மேலும் கசந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், பணம் வாங்கவில்லையம்மா என்று. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தப் பையன்கள் பரீட்சை எழுதினார்களா, தேறினார்களா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அது என் பக்கத்துச் சாட்சியாகிவிடும் என்ற கூச்சமாக இருக்கலாம். தவறியிருந்தால் அந்தச் சாட்சியும் போய்விடும் என்ற பயமாகவும் இருக்கலாம். 2019 பிப்ரவரி 22 முதல் பழைய சட்டம் போய், ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிற புதிய சட்டம் வந்துவிட்டது. காகிதம் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் அங்கே இருந்திருக்கவே மாட்டார்கள் என்று சில சமயம் தோன்றுகிறது. ஆனால் இப்போதும் மாணவர்களுக்கு விடப்படும் எத்தனை அறைகளுக்குக் காகிதம் இருக்கிறது என்பது ஜூன் மாதத்தில் எங்கள் தெருக்களில் நடந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

சீராய்வு மனு தள்ளுபடியாக ஒன்றரை ஆண்டுகள் ஆயின. இரண்டாம் முறை வாரண்டு என்னிடமே வந்தது; வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும்படி, எங்களுக்கு வாரண்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரியான நாசரிடம் கேட்க நினைத்து, காரணம் சொல்ல வேண்டுமே என்று விட்டுவிட்டேன். பூட்டை உடைக்கும் உத்தரவு இருந்தது, கொல்லரைக் கூட்டி வந்திருந்தார்கள், இரண்டு காவலர்களும் வந்திருந்தார்கள். இம்முறை பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் தெருவுக்குள் நுழைந்தேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வேறு பையன்கள்; இவர்களில் ஒருவனும் வாரண்டை வாங்கிப் பெயரைத் தேடினான். நான் எதையும் விளக்கவில்லை. பாய், வாளி, ஸ்டவ், டேபிள் ஃபேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வர, பட்டியல் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. 'எதிர்ப்பு ஏதுமின்றிச் சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது' என்று ஷரா எழுதினேன். அதுவும் உண்மைதான், யாரும் எதிர்க்கவில்லை, எதிரே வேப்பமரத்தடியில் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

பழைய பூட்டு கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது, வளைவில் லேசாகத் துருவேறி, சாவியோடு. அதை யாருடைய சாமானாக எழுதுவது என்று குமாஸ்தா கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டீச்சரம்மா அதைக் கழற்றி, கதவைச் சாத்தி, பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரசீதில் கையெழுத்துப் போட என் பேனாவைக் கேட்டார்.